குலப்பெயர் சொல்லாத லிசோ

ரத்தக் கொதிப்பை அடக்க மாத்திரையைவிடக் குறுஞ்செய்தியே மேல் என்ற மகத்தான உண்மையை உலகுக்கு அளித்த பெருமை, கேப் டவுன் ஓரத்தில் தகர வீடுகளுக்கு நடுவே நிற்கும் ஓர் ஆஸ்பத்திரியைச் சேரும். மாத்திரையை நினைவூட்டிக் காலையில் செய்தி போகும். நோயாளி பதில் போட்டால் 'பலன்'. போடாவிட்டால் 'மறதி'. வைத்திய சாஸ்திரத்தை இதைவிடச் சுலபமாக்க யாராலும் முடியாது.

இத்திட்டத்தின் தலைமகள் வுயெல்வா. டாக்ஸி ஸ்டாண்டில் மாவுருண்டை பொரித்து விற்பவள். அவளுடைய அக்கா கொதிப்பேறி வாய் கோணிப்போய்ப் படுத்த படுக்கையாகக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவள். அந்தப் பயத்தில் ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவிட்டதில்லை.

முதல் செய்தி வந்தது. "வணக்கம் வுயெல்வாம்மா, நலமா? மாத்திரை எடுத்துக்கொண்டீர்களா? அன்புடன், லிசோ."

நலம் கேட்டவரைத் திருப்பி நலம் கேட்காமல் விடுவது வுயெல்வாவின் கோசா இனத்தாரிடையே பெரிய அவமரியாதை. குலப்பெயரையும் விசாரித்து, அதைச் சொல்லி அழைத்தால்தான் மரியாதை முழுமையாகும். ஆகவே வுயெல்வா, சட்டியில் உருண்டைகள் கருகுவதையும் பாராமல், எடுத்துக்கொண்டேன் மகனே, நீ சுகமா, வீட்டில் எல்லாரும் சுகமா, உன் குலப்பெயர் என்ன என்று விரிவாக எழுதினாள்.

லிசோ அக்கணமே பதிலளித்தான். "நன்றி. உப்பைக் குறையுங்கள்."

பக்கத்தில் ஆட்டுத்தலை வாட்டி விற்கும் ஸுகிஸ்வா இதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "வளர்ப்பு சரியில்லக்கா. குலப்பேரு கேட்டா உப்புங்கிறான். அப்பன் யாருன்னே தெரியாத புள்ளையோ என்னமோ."

"பாவம்டி, அதான் சொல்லக் கூச்சப்படுறான்," என்றாள் வுயெல்வா. அன்றிலிருந்து அவளுக்கு லிசோ மேல் ஒருபடி கூடுதலாகவே பாசம். குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள்ளச் சொல்லிக்கூட எழுதினாள். அவனும் சலிக்காமல் நடைப்பயிற்சியை வலியுறுத்தினான்.

பிறகு ஆஸ்பத்திரியில் மாத்திரை தீர்ந்தது. மருந்து ஜன்னலில் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அடுத்த வாரமும் அதையே, குரல்கூட மாறாமல் சொன்னார்கள். வுயெல்வாவுக்குத் தலை சுற்றியது. அக்காவுக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது என்று நினைத்துக்கொண்டாள். தனக்கிருந்த ஒரே செல்வாக்கான ஆளுக்கு அவள் எழுதினாள். "மகனே, மாத்திரை இல்லேங்கிறாங்க. இடது கை மரத்துப்போகுது. பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லு."

"சபாஷ். இப்படியே தொடருங்கள்," என்றான் லிசோ.

அவளும் தொடர்ந்தாள். தினமும் கெஞ்சினாள். தினமும் சபாஷ் வாங்கினாள். கடைசியில் சுகாதார இலாகாவே அசந்துபோய், ஒருநாள்கூடப் பதில் தவறாத 'முன்மாதிரி நோயாளி' என்று அவளை மேடையேற்றிப் போர்வை போர்த்தியது. நர்ஸ் மேடையிலேயே ரத்த அழுத்தம் பார்த்தாள். கருவி காட்டிய எண்ணைக் கண்டு அவள் முகம் வெளுத்தது. திட்ட அதிகாரி காயலேத்து மட்டும் கலங்கவில்லை. மேடைக் கூச்சம் என்று அறிவித்துக் கைதட்டினார்.

"லிசோவைக் கொஞ்சம் கூப்பிடுங்கய்யா. அவன்கிட்ட ரெண்டு வார்த்தை கேக்கணும்," என்றாள் வுயெல்வா.

"லிசோன்னு ஆளே கிடையாதும்மா. அது கம்ப்யூட்டர்," என்று அதிகாரி பெருமையோடு சிரித்தார்.

"அப்ப நான் எழுதினதையெல்லாம் யார் படிச்சாங்க?"

"படிக்கிறதா? பதில் வந்துச்சான்னு பாப்போம்மா, அவ்வளவுதான்."

வுயெல்வா போர்வையை எடுத்து மடித்து மேஜை மேல் வைத்தாள். "மாத்திரைய மறக்காதேன்னு தெனமும் எனக்குச் சொல்றீங்க. நான் மறக்கவே இல்லையே. வாங்கி வைக்க மறந்தது நீங்கதானேய்யா?"

மறுநாள் காலை அவள் போன் வழக்கம்போல் நலம் விசாரித்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் ஒரு வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்லவில்லை.

மாசற்ற நேர்மையுடைய கம்ப்யூட்டர் அதையும் உள்ளபடியே குறித்துக்கொண்டது. வுயெல்வா, மாத்திரை எடுக்கவில்லை, காரணம்: மறதி.