கிண்ணத்துக்குப் பாலாபிஷேகம்

உலகத்தில் பாம்புக்குப் பயந்தவர்கள் இருக்கிறார்கள். பல் டாக்டருக்குப் பயந்தவர்கள் இருக்கிறார்கள். நான் ஒரு சொல்லுக்குப் பயந்தவன். டெஸ்ட் என்கிற இங்கிலீஷ் சொல். அதை யாராவது வாய்விட்டுச் சொன்னால் போதும், என் கால் ஜன்னலைத் தேட ஆரம்பித்துவிடும்.

எட்டாம் வகுப்பு அரையாண்டில் கணக்குப் பரீட்சை. வினாத்தாள் கட்டோடு வாத்தியார் வாசல் வழியாக உள்ளே வந்தார். நான் ஜன்னல் வழியாக வெளியே போனேன். படிப்பும் அதே ஜன்னல் வழியாகப் போனது. அந்த வினாத்தாளை இன்றுவரை நான் பார்க்கவில்லை. அதில் என்னதான் கேட்டிருப்பார்கள் என்று இப்போதும் சில சமயம் கவலைப்படுவேன். (வயது நாற்பத்திரண்டு ஆகிறது.)

கவலைப்படுவதில் நான் கெட்டிக்காரன். சமயநல்லூரில் வீட்டைவிட்டு வண்டியில் கிளம்பினால், விளாங்குடி வருவதற்குள் வீட்டைப் பூட்டினோமா என்று சந்தேகம் வந்துவிடும். திரும்பிப் போய்ப் பார்ப்பேன். பூட்டியிருக்கும். உள்ளே என் மனைவி மாரீஸ்வரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நான் உள்ள இருக்கையில எதுக்குங்க வெளிய பூட்டிட்டுப் போனீங்க?" என்று கத்திக்கொண்டிருப்பாள்.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். மதுரையில் நகைக்கு முத்திரை போடும் ஒரு ஹால்மார்க் சென்டரில் உலைக்காரன். திருமங்கலத்தில் பருத்தி மூடை இறக்கிக்கொண்டிருந்த என்னைக் கூட்டிவந்து உலை முன்னால் நிறுத்தியவர் சென்டர் ஓனர் அண்ணன். பதினோரு வருடம் ஆகிவிட்டது. நகையிலிருந்து நகத்துணுக்கு அளவு வெட்டி, எடை பார்த்து, கொஞ்சம் வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் மடித்து, சின்ன வெள்ளைக் கிண்ணத்தில் வைத்து உலைக்குள் விட வேண்டும். ஈயம் உருகி, தங்கத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் செம்பு, கிம்பு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள்ளேயே இறங்கிவிடும். அந்தக் கிண்ணம் பஞ்சு மாதிரி. அழுக்கை எல்லாம் குடித்துவிட்டு, மேலே ஒரு மணியை மட்டும் மின்ன மின்ன விட்டுவைக்கும். அந்த மணியைத் தட்டித் தகடாக்கி, அமிலத்தில் போட்டு வெள்ளியைக் கரைத்துவிட்டு மிச்சத்தை எடை போட்டால், நகையில் எம்புட்டுத் தங்கம் என்பது தெரிந்துவிடும். புடம் போடுவது என்பார்களே, அதுதான்.

ஒரு திங்கட்கிழமை ஓனர் அண்ணன் உலைப் பக்கம் வந்து தொண்டையைச் செருமினார்.

"துரை, வெள்ளிக்கிழமை மேலிடத்துல இருந்து ஒரு மேடம் வாராக. உலைக்காரனுக்கு டெஸ்ட்டு வைக்கப் போறாகளாம்."

நான் அறையில் ஜன்னல் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன்.

"எழுதுறதா அண்ணே?"

"எழுத்தெல்லாம் இல்லப்பா. அவுகளே ஒரு தங்கத் தகடு கொண்டாருவாக. அதுல எம்புட்டுத் தங்கம்னு அவுகளுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. நீ புடம் போட்டுச் சொல்லணும். ரெண்டு கிண்ணத்துல வச்சு ரெண்டும் ஒண்ணுபோல வரணும்."

"வரலேன்னா?"

அண்ணன் என்னைப் பார்க்காமல் உலையைப் பார்த்தார். "டிகிரி படிச்ச ஆளு ஒருத்தரப் போடச் சொல்லுவாக. நான் என்ன செய்ய முடியும் துரை?"

தராசில் உட்காரும் சேகர் தன் பங்குக்கு ஆறுதல் சொன்னான். "விடு மாப்ள. மூட தூக்குனா உடம்புக்கு நல்லது. தொப்ப கொறயும்."

அன்று வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் கயல், போனில் அகராதி வைத்து இங்கிலீஷ் பாடத்துக்கு அர்த்தம் எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு யோசனை. எதிரியைப் பற்றி முழுசாகத் தெரிந்துகொள்வது நல்லதில்லையா?

"பாப்பா, டெஸ்ட்டுன்னா என்னன்னு அதுல பாரு."

"டெஸ்ட்டுன்னா டெஸ்ட்டுதான்ப்பா."

"அது எனக்கும் தெரியும். எங்கயிருந்து வந்துச்சு, எந்தக் கழுத அதுக்குப் பேரு வச்சதுன்னு பாரு."

அவள் தேடினாள். வாசித்தாள். பிறகு என்னை ஒரு மாதிரி நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, இது உங்க கிண்ணம்ப்பா."

"எது?"

"டெஸ்ட்டு. அந்தக் காலத்துல இங்கிலீஷ்ல தங்கம், வெள்ளியெல்லாம் புடம் போடுற கிண்ணத்துக்குப் பேரே டெஸ்ட்டுதானாம். லத்தீன்ல மண்சட்டின்னு ஒரு வார்த்த இருந்துருக்கு, அது பிரெஞ்சு வழியா வந்துச்சாம். அப்புறமா ஒருத்தர் எப்படின்னு சோதிச்சுப் பாக்குறத, 'அந்தக் கிண்ணத்துல போட்டுப் பாத்தா தெரியும்'ங்கிற மாதிரி பேச ஆரம்பிச்சிருக்காங்க. ஸ்கூல்ல வைக்கிற டெஸ்ட்டெல்லாம் ரொம்பப் பின்னாடி வந்ததுதான்."

அதோடு விடவில்லை அவள். அந்தச் சட்டியின் சொந்தக்காரச் சொல் ஒன்று பிரெஞ்சுக்குப் போய்த் தலை என்று ஆகிவிட்டதாம். யாரோ ஒரு ஆள் எவனுடைய தலையையோ பானை என்று கிண்டல் செய்திருக்கிறான், கிண்டலே பெயராக நின்றுவிட்டது. (நம்ம ஊரிலும் சட்டித்தலையன் உண்டு. ஆனால் நாம் அதை அகராதியில் ஏற்றவில்லை.)

நான் கையைக் கழுவக்கூட எழுந்திருக்கவில்லை. எந்தச் சொல்லுக்குப் பயந்து ஜன்னல் ஏறிக் குதித்தேனோ, அதை ஒரு நாளைக்கு நூறு தடவை இடுக்கியால் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன்! உலகத்தில் எத்தனையோ பேர் டெஸ்ட் எழுதியிருக்கலாம். டெஸ்ட்டையே உலையில் வைத்துச் சுட்டவன் நான். எனக்கு உடனே மூன்று அங்குலம் உயரம் கூடிவிட்டது.

இந்த இடத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். சந்தோஷம் வந்தால் அதை என்ன செய்வதென்று தெரியாமல், அதையும் ஒரு கவலையாக மாற்றிக்கொள்வது என் பழக்கம். பதினோரு வருடமாக இந்தக் கிண்ணத்துக்கு ஒரு மரியாதையும் செய்யவில்லையே, கோபித்துக்கொண்டிருக்குமோ என்று ஆரம்பித்தது. ஆயுத பூசைக்கு உலைக்குப் பொட்டு வைப்போம், தராசுக்கு மாலை போடுவோம், கம்ப்யூட்டருக்குக்கூட விபூதி பூசுவோம். கிண்ணத்துக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. ஒரு தடவைக்கு மேல் ஆகாத சாமான் என்பதால் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை.

வியாழக்கிழமை சென்டரிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு, அதைப் பூசை அலமாரியில் வைத்துச் சந்தனம் இட்டேன். மாரீஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

"வெறும் பொட்ட வச்சா எப்படிங்க? வேலையக் காப்பாத்தித் தரணும்ல? ஒழுங்காச் செய்ங்க." கையில் பால் டம்ளரோடு வந்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு ஸ்பூன் அளவு பாலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். ஊற்றிவிட்டுக் கண்ணைத் திறந்தவள் அலறினாள்.

"ஏங்க! பாலக் காணோம்! சாமி குடிச்சிருச்சுங்க!"

நானும் குனிந்து பார்த்தேன். தட்டில் வழிந்தது கொஞ்சம்தான். கிண்ணத்தில் ஒரு சொட்டு இல்லை. மயிர்க்கூச்செறிந்தது. கண்ணீர் வந்துவிட்டது. கிண்ணத்தின் வேலையே குடிப்பதுதான் என்பதைப் பதினோரு வருடமாகத் தினம் பார்த்துச் சம்பளம் வாங்கும் நான், என் பெண்டாட்டியோடு சேர்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றேன். (அந்தக் கிண்ணம் எதில் செய்தது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எலும்புச் சாம்பல். இதைப் படித்தால்தான் அவளுக்கே தெரியவரும்.)

கிண்ணத்தைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மேடம் சரியாகப் பத்து மணிக்கு வந்தார். சிரிப்பு என்ற பழக்கமே இல்லாதவர்போல இருந்தார். முத்திரையிட்ட சின்ன உறையைப் பிரித்துத் தகட்டைக் கொடுத்தார். வெட்டினேன், சேகர் எடை பார்த்தான், ஈயத்தில் மடித்தேன். கிண்ணங்கள் காலையிலிருந்தே உலைக்குள் காய்ந்து சிவந்துகொண்டிருந்தன. ஈரம் துளியும் இருக்கக் கூடாது என்பது இந்த வேலையின் முதல் பாடம். எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். நானே நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

மேடம் குனிந்து எதையோ குறித்த நேரம் பார்த்து, காய்ந்த கிண்ணம் ஒன்றை வெளியே எடுத்தேன். பையிலிருந்த சாமியை அந்த இடத்தில் வைத்தேன். ஈயப் பொட்டலங்களை ஆளுக்கொன்றாகப் போட்டு மூடினேன்.

ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. இரண்டாவது நிமிடம் உள்ளே கடுகு தாளிக்கிற சத்தம் கேட்டது. பார்க்கும் துளை வழியாகக் கண்ணை வைத்தேன். என் சாமி பொரிந்துகொண்டிருந்தது. ஈயம் பொடிப் பொடியாகத் துள்ளிப் பக்கத்துக் கிண்ணத்திலும் விழுந்தது. கூடவே, பால் பொங்கித் தீய்ந்த வாடை அறை முழுக்கப் பரவியது.

மேடம் மூக்கைச் சுளித்தார். "என்ன வாசனை இது? யாரு பால் காய்ச்சுறாங்க?"

சேகர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பக்கத்துல டீக்கட மேடம். அந்த ஆளு எப்பவுமே தீய விட்ருவாப்ல."

ஓனர் அண்ணன் மேடத்தின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, பேசாதே பேசாதே என்று எனக்குக் கையைக் காட்டினார். பேசாமல் இருந்திருக்கலாம். மேடம் துளை வழியாகப் பார்க்கவில்லை. தெறித்தது துளித்துளிதான், கணக்குக் கொஞ்சம் முன்னே பின்னே வந்தாலும் தப்பித்தாலும் தப்பித்திருப்பேன். ஆனால் நான் என்னை நன்றாக அறிந்தவன். வேலை போனால் அந்தக் கவலை ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும், வேறு வேலை கிடைக்கும். பொய் சொல்லி வேலை நின்றால், எவன் என்றைக்குக் கண்டுபிடிப்பானோ என்று சாகும்வரை கவலைப்பட வேண்டும். அம்புட்டுக் கவலைக்கு என் உடம்பில் இடமில்லை.

"மேடம், டீக்கட இல்ல. அது என் கிண்ணம். நான்தான் பாலாபிஷேகம் பண்ணுனேன். ஈரம் இருந்து தெறிச்சிருச்சு. பக்கத்துலயும் விழுந்துருக்கு. இந்த ரெண்டையுமே எடுத்துக்கக் கூடாது. தள்ளிருங்க."

ஓனர் அண்ணன் நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டார்.

"பாலாபிஷேகமா? எதுக்கு?" என்றார் மேடம்.

சொன்னேன். இங்கிலீஷ்காரன் முதலில் டெஸ்ட் என்று சொன்னது இந்தக் கிண்ணத்தைத்தான் என்பதையும், மண்சட்டி, லத்தீன், பிரெஞ்சுக்காரன் தலை வரைக்கும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் இப்படி ஒப்பித்ததில்லை. மேடம் போனை எடுத்து ஏதோ தட்டினார். படித்தார். புருவம் மேலே போனது.

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"எட்டாவது மேடம். அதுலயும் பாதி."

"பதினஞ்சு வருஷமா ஊர் ஊராப் போய் டெஸ்ட் வைக்கிறேன். எனக்கே இது தெரியாது." போனை உள்ளே வைத்தார். "சரி, தகடு மீதி இருக்கு. மறுபடி செய்ங்க. இந்தத் தடவ பால் வேண்டாம்."

பயப்பட இனி எதுவுமே பாக்கியில்லை என்றால் கை எவ்வளவு லேசாகிவிடுகிறது தெரியுமா? எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உலைக்குள் தெறித்ததைச் சுரண்டி எடுத்து, புதுக் கிண்ணங்களைக் காயவைத்து, திரும்பவும் வெட்டி, மடித்து, உள்ளே விட்டேன். நேரம் ஆனதும் கிண்ணங்களில் இருந்த மணிகள் இரண்டும் ஒரே மாதிரி பளிச்சென்று கண்ணடித்தன. தட்டினேன், அமிலத்தில் கொதிக்கவைத்தேன், சேகரிடம் கொடுத்தேன். எடை பார்க்கும்போது அவன் உதடு முணுமுணுத்தது. அவனும் ஏதோ ஒரு சாமியைக் கூப்பிட்டிருக்கிறான்.

இரண்டு கணக்கும் ஒன்றுக்கொன்று ஒட்டி நின்றன. மேடம் தன் உறைக்குள்ளிருந்த சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன.

"பாஸா மேடம்?" என்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக அந்தக் கேள்வியைக் கேட்கிறேன்.

"கணக்கு சரியா வரலேன்னாகூட உங்களத்தான் போடச் சொல்லிருப்பேன். தெறிக்கிறது எல்லாருக்கும் நடக்கும். தெறிச்சதை மறைக்காத உலைக்காரரை நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்." அப்போதுதான் சிரித்தார். பிறகு சேகர் பக்கம் திரும்பினார். "உங்க டீக்கடை எங்க இருக்கு, காட்டுங்க. ஒரு டீ குடிக்கலாம்." பக்கத்தில் டீக்கடையே கிடையாது. சேகர் அந்த வெயிலில் ஒரு கிலோமீட்டர் போய் வாங்கிவந்தான்.

மேலிடத்திலிருந்து வந்த தகுதிச் சான்றிதழை ஓனர் அண்ணன் கண்ணாடிச் சட்டம் போட்டு உலைக்கு மேலே மாட்டினார். என் பெயர் இங்கிலீஷில் இருக்கிறது. சந்தனப் பொட்டு வைக்க நினைத்தேன், கையை மடக்கிக்கொண்டேன்.

ஆனால் எங்கள் குடும்பத்தில் டெஸ்ட் என்ற சொல் அன்றோடு ஒழிந்தது. இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை. மச்சான் லைசென்சுக்கு எட்டுப் போடப் போனால், "கிண்ணத்துக்குப் போறேன்" என்பான். மாமியார் ரத்தம் கொடுக்கப் போய், "சுகர் கிண்ணம் பாக்கணும்த்தா" என்று கேட்டதில், அந்த லேப் பெண் ஒரு ஸ்டீல் கிண்ணத்தைத் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

போன பங்குனியில் கயலுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு, பெரிய கிண்ணம். முதல் நாள் காலையில் அவள் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஹால் டிக்கெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாரீஸ்வரி அடுப்படியிலிருந்து ஒரு டம்ளர் பாலோடு வந்தாள். கயல் சட்டென்று ஹால் டிக்கெட்டை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கேட்டாள்:

"அம்மா, மொதல்ல சொல்லு. பால் எனக்கா, இதுக்கா?"