சத்தமில்லாத டிராகன்

"இனிமே இந்த வீட்டுல வேலைக்குப் போற பேச்சே எடுக்கக் கூடாது!" என்று அப்பா தீர்மானம் போட்டபோது, அவர் கண் என் பழைய லேப்டாப்பில் இருந்தது. தீர்மானம் அம்மாவுக்கு.

மந்தாரக்குப்பத்தில் ஒரு நர்சரிப் பள்ளிக்கு அம்மாவை டீச்சராகக் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா பி.ஏ. அந்தப் பட்டம் எங்கள் குவார்ட்டர்ஸ் பரணில், உபயோகமில்லாத குக்கருக்குப் பக்கத்தில் கிடந்தது. குக்கர் ஏன் அங்கே? அப்பா சண்முகசுந்தரம், நிலக்கரி மைன்ஸில் பெர்மனென்ட் தொழிலாளி. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் மத்தியானம் வரை தூக்கம். விசில் கூடாது. மிக்ஸி கூடாது. தும்மல்கூடக் கொல்லைப்பக்கம் போய்த்தான். இது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டேன்.

"மெதுவாக் கேளு" என்றாள் அம்மா.

விழித்திருக்கும் நேரமெல்லாம் அப்பாவுக்கு என் லேப்டாப்பில் ஒரு கேம். யாரோ நாலு பையன்கள் சேர்ந்து செய்தது. சபிக்கப்பட்ட காட்டில் ஒரு குட்டி வீரன் தானாக ஓடிக்கொண்டே இருப்பான். நிறுத்த முடியாது. குதிக்க வைக்கலாம், அவ்வளவுதான். கடைசியில் டிராகன் காவல் காக்கும் பாலம். எந்தப் பலகை எப்போது உடையும் என்று தெரியாது. அந்த மழைக்காலம் முழுக்க அப்பா அங்கேயே நெருப்பில் விழுந்துகொண்டிருந்தார். அதுவும் சத்தத்தை அணைத்துவிட்டு. மெஷின் இரைச்சல் கேட்டுக் கேட்டுச் சலித்த காதாம்.

"ஏங்க, அந்த ஸ்கூலு..."

"இந்தா, விழுந்துட்டான்! உன்னாலதான்."

"மத்தியானமே வந்துருவேங்க."

"தனம், இந்தப் பாலத்தைத் தாண்டிக் காட்டு. அப்புறம் ஸ்கூலுக்குப் போ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வேலைக்குப் போறது அம்மாவோட உரிமைப்பா. நடுவுல டிராகன் எதுக்கு?"

"காலேஜ்ல படிச்சதைக் காலேஜோட வச்சுக்க."

"அது காலேஜ் இல்லப்பா, யுனிவர்சிட்டி."

"நீ சும்மா இருடி" என்றாள் அம்மா. "ஏங்க, சொன்ன பேச்சு மாற மாட்டீங்களே?"

"மாறுனா என் பேரை மாத்திக்கிறேன்."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் இயர்போனைக் காதில் மாட்டினாள்.

"பாட்டுக் கேட்டுக்கிட்டே விளையாடப் போறாளாம்!" அப்பா சிரித்தார்.

வீரன் ஓடினான். குதித்தான். மறுபடி குதித்தான். அம்மா திரையைப் பார்க்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே தூரத்து அனல்மின் நிலையப் புகைபோக்கியைப் பார்த்தபடி விரலைத் தட்டிக்கொண்டிருந்தாள். டிராகன் தலை கவிழ்ந்தது. அப்பா தலையும்.

"எப்படி தனம்?"

"பலகை உடையறதுக்கு முன்னாடி முரசு அடிக்குதுங்க."

"இதுல சத்தம் இருக்கா?"

"எல்லாத்துலயும் இருக்குங்க. நீங்கதான் அணைச்சு வச்சிருக்கீங்க. தினம் நீங்க தூங்குறப்ப இதைக் காதுல மாட்டிக்கிட்டு விளையாடுவேன். வேற எந்தச் சத்தத்துக்கு இந்த வீட்டுல இடம்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்க ஒருத்தி டிராகனை ஜெயித்தாக வேண்டுமா? அப்பாவோ, "நான்தான் போகச் சொன்னேன்" என்று பக்கத்து வீட்டு ராமலிங்கம் மாமாவிடம் பெருமையடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை. நைட் ஷிஃப்ட் முடித்து, கரித்தூசியோடு கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அப்பா கட்டிலில் சாய்ந்தார். அம்மா கைப்பையோடு வாசலில் நின்றாள். பரணிலிருந்து இறங்கிய குக்கர் அடுப்பில் இருந்தது.

"மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சிருங்க. அதுக்குள்ள தூங்கிராதீங்க."