எழுபது லிட்டர் டேங்கும் விற்பனைக்கு இல்லாத வண்டியும்

அன்பும் நிதானமும் ஒருங்கே அமைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதும் மடல். இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். நாங்கள் குடியிருக்கும் கேரவன் வண்டியும் நலம். அதன் இருக்கைக்குக் கீழே இருக்கும் நல்ல தண்ணீர் டேங்கும், வண்டியின் வயிற்றுக்கடியில் தொங்கும் கழிவுத் தண்ணீர் டேங்கும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் எந்தக் கசிவும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் கைப்பேசியில் அனுப்பிய செய்தி கிடைத்தது. "மாமா, போட்டோ பார்த்தோம். போதும் மாமா. இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்? வண்டிக்கு ஒரு ஆள் பாத்துட்டேன். அடுத்த சனிக்கிழமை நேரா அங்கயே வர்றாரு. மாடி ரூம் ரெடியா இருக்கு" என்று எழுதியிருந்தீர்கள். பதிலுக்கு நான் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினேன். அதைச் சம்மதம் என்று நினைத்து ஏற்பாடுகளைத் தொடங்கிவிட்டீர்கள் என்று மகள் சொன்னாள். மாப்பிள்ளை, அது சம்மதம் இல்லை. மாணவன் கொண்டுவந்து நீட்டும் நோட்டில் பார்த்தேன் என்று கையொப்பம் போடுவோமே, அது. கணக்கு சரி என்று அர்த்தமாகாது. வண்டியை விற்க மாட்டேன். இதை முதல் பக்கத்திலேயே தெளிவாக எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் வேலை மிகுந்தவர், இரண்டாம் பக்கம் வரை வருவீர்களோ மாட்டீர்களோ.

இனி அந்தப் புகைப்படம். அதில் நான் காலணிகளைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்கை மேல் ஏறி நிற்பதாகவும், கீழே சாம்பல் நிறத் தண்ணீர் நிற்பதாகவும் தெரிகிறது. இரண்டும் உண்மை. ஆனால் முகத்தில் இருப்பது பயம் என்று மகள் குடும்பக் குழுவில் எழுதியிருக்கிறாள். அது பயம் இல்லை, யோசனை. முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தவன் ஒரு கணக்கு தப்பாகும்போது எப்படி இருப்பானோ அப்படி இருக்கிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நல்ல தண்ணீர் டேங்கில் நூறு லிட்டர் பிடிக்கும், கழிவு டேங்கில் எழுபது. வாங்கிய அன்றே உங்கள் அத்தை கேட்டாள், "மேல நூறு ஊத்தி கீழ எழுபது புடிச்சா மிச்சம் முப்பது எங்கங்க போகும்?" நல்ல கேள்வி. வகுப்பில் கேட்டிருந்தால் எழுந்து நின்று கைதட்டச் சொல்லியிருப்பேன். குடிப்பதும் சமைப்பதும் கீழே வராது, கழிப்பறைக்கோ தனிப் பெட்டி, அதைப் பற்றி மாமனார் மாப்பிள்ளைக்கு எழுதுவது முறையாகாது, ஆக முப்பது லிட்டர் அப்படிப் போய்விடும் என்று விளக்கினேன். முதல் பயணத்தில் அந்த நூறு லிட்டரும் இரண்டே நாளில் தீர்ந்தது. தீர்ந்த நேரத்தில் அவள் தலையில் ஷாம்பு இருந்தது. கணக்குப் புத்தகத்தில் ஒரு குழாய் நிரப்பும், ஒரு குழாய் காலி செய்யும், எத்தனை மணி நேரத்தில் தொட்டி நிறையும் என்று ஆயிரம் முறை போட்டிருக்கிறேன். எந்தக் கணக்கிலும் நடுவில் ஒரு மனைவி கண்ணை மூடிக்கொண்டு "தண்ணி நின்னுடுச்சு, என்னத்தையாவது ஊத்துங்க!" என்று கத்தியதில்லை. இரண்டு பாட்டில் குடிதண்ணீரில் அன்றைய பாடம் முடிந்தது.

அதற்குப் பிறகு ஒழுங்கு கொண்டுவந்தேன். குளிக்க நான்கு நிமிடம், பாத்திரத்துக்கு ஆறு லிட்டர் என்று அட்டவணை எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டினேன். மூன்றாவது நிமிடத்தில் கதவைத் தட்டி, "இன்னும் ஒரு நிமிடம்தான் இருக்கிறது" என்று அறிவிப்பேன். அவள் உள்ளேயிருந்து, "பரீட்சைப் பேப்பரையும் வந்து புடுங்கிட்டுப் போங்க" என்பாள். இப்படித்தான் சிரிப்பும் பேச்சுமாக இந்த முகாமுக்கு வந்து சேர்ந்தோம். இங்கே ஒவ்வொரு வண்டிக்கும் பக்கத்தில் ஒரு குழாய் உண்டு. டேங்கை ஒருமுறை நிரப்பிவிட்டு, குழாய்க்கும் வண்டிக்கும் நடுவே ஒரு ரப்பர் ஹோஸை மாட்டிவிட்டேன். மாட்டிவிட்டு, மாப்பிள்ளை, ஒரு அதிசயம் பார்த்தேன். முதல் நாள் நல்ல தண்ணீர் நூறு. இரண்டாம் நாள் நூறு. நான்காம் நாளும் நூறு! என் அட்டவணை வேலை செய்கிறது என்று நினைத்தேன். உங்கள் அத்தையைப் பாராட்டினேன். "நான் ஒண்ணும் மிச்சம் புடிக்கலீங்க, நல்லா ஆற அமரத்தான் குளிக்கிறேன்" என்றாள். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். சுவரில் கழிவு டேங்குக்கென்று ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது. அது இரண்டு நாளாக எரிந்துகொண்டிருந்தது. மேலே நூறும் அப்படியே இருக்கும்போது கீழே எப்படி நிறையும்? விளக்குதான் கெட்டுப்போயிற்று என்று முடிவு செய்து, அதன் மேல் ஒரு துண்டுக் காகிதத்தில் "பழுது" என்று எழுதி ஒட்டிவிட்டேன். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, தண்ணீர்ச் சிக்கனம் எப்படிச் செய்வது என்று விளக்குவதற்காக அக்கம்பக்கத்தாரை வண்டிக்குள் அழைத்தேன். பக்கத்துக் கூடாரத்தில் தங்கியிருக்கும், பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற டிரைவர் அம்மா வந்தார். முகாம் மேலாளர், நான் கையைப் பிடித்து இழுத்ததால் வந்தார். உங்கள் அத்தை குளிக்கப் போயிருந்தாள். நான் சமையல் மேடைக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, "பாருங்கள், எவ்வளவு ஓடினாலும் அளவு குறைகிறதா? இதற்குப் பெயர்தான் திட்டமிடல்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், உள்ளேயிருந்து குரல்.

"என்னங்க, தண்ணி இறங்க மாட்டேங்குது!"

"அடைப்பாக இருக்கும். முடியை எடுத்துவிடு."

"அடைப்பு இல்லீங்க. கீழயிருந்து மேல வருது!"

"அதற்குச் சாத்தியமே இல்லை. நூறு லிட்டர் அப்படியே இருக்கிறது."

"சாத்தியமில்லாதது கணுக்கால் வரைக்கும் வந்துடுச்சு. நேத்து கழுவுன காபித்தூளும் கூடவே வந்திருக்கு. கதவத் தொறக்கவா?"

திறந்தாள். அதற்குப் பிறகு நடந்ததுதான் புகைப்படம். எடுத்தது அவள்தான், துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, கை சிறிதும் நடுங்காமல். பஸ் டிரைவர் அம்மா குழாயை மூடிவிட்டுச் சொன்னார், "வாத்தியாரே, ஹோஸ் மாட்டிட்டா தண்ணி டேங்குக்குள்ள போகாது. வெளிக் குழாயிலேருந்து நேரா உள் குழாய்க்குப் போயிடும். மேல இருக்கிறது நூறு நாளானாலும் நூறாத்தான் இருக்கும். கீழ மட்டும் நெறஞ்சுக்கிட்டே வரும். அந்த லைட்டு நெசத்தத்தான் சொல்லியிருக்கு. நீங்கதான் அது வாயில காகிதம் ஒட்டிட்டீங்க." இதை அவர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். நான் பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட வேகத்தில் இறங்கி ஓடி, கழிவு டேங்கைக் காலி செய்யும் பிடியை இழுத்தேன். இழுப்பதற்கு முன்னால் அங்கே ஒரு குழாயை மாட்ட வேண்டுமாம். எழுபது லிட்டரும் மேலாளரின் காலணி வழியாக அடுத்த கூடாரத்தை நோக்கிப் போயின. மேலாளர் கடைசி வரிசையை நோக்கிக் கையை மட்டும் நீட்டினார். இப்போது எங்கள் வண்டி, எல்லோரும் கழிவு கொட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. இதை நீங்கள் தண்டனை என்று நினைக்கலாம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு கிடைத்தவன் அதைத் தண்டனை என்பானா? பத்தடி நடந்தால் டேங்க் காலி.

ஒரு கணக்கு தப்பானதும் பள்ளிக்கூடத்தையே விற்றுவிடுவார்களா, மாப்பிள்ளை? உங்கள் மகள் பெருக்கலில் தப்புச் செய்தால் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு மாடி அறையில் உட்கார வைப்பீர்களா? திருத்தி இன்னொரு முறை போடச் சொல்வீர்கள். நானும் போட்டுவிட்டேன். ஹோஸைக் கழற்றி வைத்தாயிற்று. விளக்கின் மேல் ஒட்டிய காகிதத்தைக் கிழித்தாயிற்று. இரண்டு நாளுக்கு ஒருமுறை கீழே காலி செய்த பிறகுதான் மேலே நிரப்புவது.

மாடி அறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு இருக்கக்கூடாது. நல்ல அறை. காற்று வருகிறது. மெத்தை புதியது. போன முறை பதினாறு நாள் இருந்தேன். எழுந்தால் "நீங்க உக்காருங்க மாமா" என்றீர்கள். தட்டை எடுத்தால் மகள் பிடுங்கிக்கொண்டாள். உங்கள் வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எவ்வளவு மிச்சம் என்று யாரும் என்னைக் கேட்பதில்லை. இங்கே காலையில் கண் விழித்ததும் உங்கள் அத்தை, "என்னங்க, இன்னைக்கு எவ்ளோ இருக்கு?" என்கிறாள். நான் பார்த்துச் சொல்கிறேன். தப்பாகவே சொன்னாலும், சொல்வது நான். அதனால்தான் சொல்கிறேன், அந்த ஆளை வர வேண்டாம் என்று சொல்லுங்கள். வந்தால் டீ கொடுத்து அனுப்பிவைப்பேன், சாவியைத் தொட விடமாட்டேன். நாங்கள் இருவரும் இதே வண்டியில்தான் இருப்போம், யார் என்ன படம் பிடித்துப் போட்டாலும் சரி.

மகளுக்கு என் ஆசியும், பேத்திக்கு என் முத்தமும், உங்களுக்கு இன்னும் அதிகப் பொறுமையும் கிடைக்கட்டும். நிறைவோடு இருங்கள்.

இப்படிக்கு,
எக்காரணம் கொண்டும் இறங்கி வராத,
மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் உங்கள் அத்தை இதை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "வண்டிய விக்கக்கூடாதுன்னு எழுதியிருக்கீங்க, ரொம்ப சரி" என்றாள். மகிழ்ந்தேன். பிறகு அவளும் ஒரு கணக்குப் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னாள். மூன்று நாளாக ஒரு வாளியை வைத்து அளந்திருக்கிறாள். அந்த மூன்று நாளில் கீழே போன எழுபது லிட்டரில் ஐம்பது என்னுடையதாம். ஷேவ் செய்யும்போது குழாயைத் திறந்துவிட்டு யோசிக்கிறேனாம். நான் இல்லாவிட்டால் இரண்டு பேருக்கு ஐந்து நாள் தாராளமாக வருமாம். அந்த இரண்டாவது ஆள் பஸ் டிரைவர் அம்மா. இருவரும் ஏரிப் பக்கம் பத்து நாள் போய்வரப் போகிறார்கள். கணக்கைச் சரிபார்த்தேன். பிழை இல்லை. ஆகவே வண்டி வாங்க வருகிறவரிடம், சாவி இப்போது மாமனாரிடம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். நான் வரும் செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணி பஸ்ஸில் வருகிறேன், மாடி அறையைத் தூசி தட்டி வையுங்கள். உங்கள் வீட்டில் ஒழுகும் குழாய் ஏதாவது இருந்தால், தயவுசெய்து நான் வரும்வரை யாரையும் கூப்பிட்டுச் சரிசெய்துவிடாதீர்கள்.