ஏரியல் இல்லாமல் வந்த குரல்

தண்ணீருக்கடியில் யாரோ பேசுவது போன்ற அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எண்பதுகளில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், விளக்கேற்றும் நேரத்தில் என் கணவரின் ரேடியோவிலிருந்து அது வரும். குமிழைக் கொஞ்சம் திருப்பினால் மனிதக் குரலாகும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் மறுபடியும் மூழ்கிவிடும்.

என் கணவர் பழனியப்பனுக்கு ரயில்வேயில் சிக்னல் வேலை. வீட்டிலும் அரசாங்க லைசென்ஸோடு ஒரு வானொலி நிலையம் வைத்திருந்தார். உலகத்தோடு பேசலாம். பேசமாட்டார்.

"பேசறதுக்கு டெலிபோன் இருக்கு லா. இது ஆராய்ச்சி."

பக்கத்து வீட்டு ஜெயராஜிடமும் அதே மாதிரி செட். ஜப்பான், பிரேசில் என்று பேசித் தீர்ப்பார்.

"அண்ணே, மண்டபம் கட்டிட்டு கல்யாணமே வேணாங்கறீங்களே!"

"நீ வம்பு பேசு. நான் ஏரியல் கட்டறேன்."

ஏரியலுக்கு என் துணிக்கொடிதான் பலி. அங்கே செம்புக் கம்பி ஏறியது. ஈரப் புடவை அலையைக் குடிக்கிறதாம். அதனால் என் புடவைகள் சமையலறையில் தாளிப்பு வாசத்தோடு காய்ந்தன.

மகள் கல்யாணமாகி ஈப்போ போனபின் வீட்டில் நாங்கள் இருவர்தான். சாப்பிட வாங்க என்றால் "ம்". உப்பு சரியா என்றால் "ம்". இப்படியே போனால் என் குரல் எனக்கே மறந்துவிடும் என்று பயந்தேன்.

ஒரு மாலை நான் கோயிலிலிருந்து திரும்பியபோது, செட்டைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு பொம்பளை குரல், புஷ்பம். என் லைசென்ஸ்ல இருக்கிற அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிடுது."

"பதில் சொன்னீங்களா?"

"எங்கேயோ கோளாறு. பார்க்கணும்."

மறுநாள் கம்பியை மாற்றினார். குரல் வந்தது. வால்வை மாற்றினார். வந்தது. ஒருநாள் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எழுந்து வந்தார். நெற்றி முழுக்க விபூதி. கையில் கழற்றிய ஏரியல் வயர்.

"இது என் கையில இருக்கு. இருந்தும் கூப்பிடுது. செத்துப்போன எங்க அக்கா குரல் மாதிரியே இருக்கு."

"அக்காவுக்கு லைசென்ஸ் இருந்துச்சா?"

"விளையாடாதே லா! பத்துமலைக் கோயில்ல ஒரு அர்ச்சனை பண்ணிடுவோம்."

"யாருன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அதுவும் ஆராய்ச்சிதானே?"

மறுநாள் மாலை. விளக்கு அசையவில்லை. ரயில் கூடப் போகவில்லை. குரல் மெல்லக் கூப்பிட்டது. இரைச்சல். மறுபடி கூப்பிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் மைக்கை அழுத்தினார்.

"யா... யாரு? ஓவர்."

"உங்க பொண்டாட்டி. ஜெயராஜ் வீட்டிலேர்ந்து பேசறேன். லைசென்ஸ் வந்துடுச்சு. ரசம் பொங்கும், அடுப்பை அணைங்க. துணிக்கொடியைத் திருப்பிக் கொடுங்க. ஓவர்."

கோயில் என்று சொல்லிப் போன மாலைகளில் ஜெயராஜிடம் படித்து லைசென்ஸ் பரீட்சை எழுதியிருந்தேன். ஒரு சுவர் தூரத்துக் குரலுக்கு ஏரியல் எதற்கு? ஜெயராஜ் செட்டின் குமிழை நான் சற்றே தள்ளி வைத்ததால் என் குரல் தண்ணீருக்கடியில் போயிருந்தது. தள்ளி வைக்காவிட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

ஜெயராஜ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு என் கணவரின் பதில் வந்தது.

"ம். ஓவர்."

துணிக்கொடி திரும்பி வந்தது. மறுநாள் மாலை நான் ஜெயராஜ் வீட்டுக்குப் போனதும் அவரே ரேடியோவில் கூப்பிட்டார்.

"நேத்து ரசத்துல உப்பு சரியா இருந்துச்சு. ஓவர்."

அவர் தொண்ணூற்று மூன்றாம் வருஷம் இறந்தார். அதுவரை அந்த ரேடியோவில் அவர் பேசிய ஒரே ஆள் நான்தான்.