கோழி திண்ட வால்வு

ஒலகத்துல உள்ள கார் எல்லாம் பெற்றோல்ல ஓடும். கல்முனையில ஒரேயொரு கார் மட்டும் நெல்லுல ஓடினது. பொய் எண்டு நெனச்சா எங்கட ஊருல அந்தக் காலத்து ஆக்கள் ஆரையாவது கேட்டுப் பாருங்க. "குவியல் போடியார்ட கறுப்பியா?" எண்டு கேட்டுட்டு, சிரிச்சு முடிச்சுத்தான் மத்தக் கதையைக் கதைப்பாங்க.

கறுப்பி எண்டது கார்ட பேரு. வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன கறுப்புக் கார். குவியல் போடியார் எண்டது கார்ட சொந்தக்காரர்ட பேரு. போடியார் எண்டா எங்கட பக்கம் பெரிய வயல்காரர். உம்மா வாப்பா வச்ச பேரு ஒண்டும் இருந்திருக்கும், அது கலியாணக் காவின் எழுதின லெப்பைக்குத்தான் தெரியும். நான் அந்தக் காருக்கு ட்ரைவர். மெக்கானிக்கும் நான்தான். என்னை மெக்கானிக் எண்டு ஆரும் செல்லல்ல, நானாத்தான் செல்லிக்கிட்டன். பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் ஒழுங்காப் போனது மதிலோரத்து மாங்காய்க்கு மட்டும்தான். ஆனபடியா இதுல எழுத்துப் பிழை இருந்தாப் பத்திரிகைக்காரர் திருத்துவாரு. மத்தப் பிழையெல்லாம் என்ட சொந்தம்.

போடியாருக்கு நாவிதன்வெளிப் பக்கம் வயல். எழுவதுகள்ட கடைசியில சாமான் வெலயெல்லாம் தவளை மாதிரிப் பாயத் தொடங்கினதோட மனிசனுக்கு ரூவாயில இருந்த நம்பிக்கை போயிட்டு. "ரூவா இண்டைக்கு ஒண்டு, நாளைக்கு ஒண்டு. நெல்லு எண்டைக்கும் நெல்லுதான்டா" எண்டுவாரு. அதுக்குப் பொறகு அவருக்கு எல்லாமே மூடைக் கணக்கு. "கொழும்பு எவ்வளவு தூரம் போடியார்?" எண்டு கேட்டா, "போய் வர ஒண்டர மூடை" எண்டு வரும் மறுமொழி.

ஒருக்கா கண்ணாடி வாங்கக் கூட்டிட்டுப் போனன். கடைக்காரன் மூக்குல மாட்டி வெலயைச் செல்ல, போடியார் மனசுக்குள்ள கூட்டிப் பாத்துட்டுத் திடுக்கிட்டுப் போனாரு. "ரெண்டு மூடை நெல்லா என்ட மூக்குல குந்தி இருக்கு? தும்மினாப் போயிருமே!" கழட்டி வச்சிட்டு வந்துட்டாரு. அண்டையில இருந்து தூரத்துல ஆரைக் கண்டாலும் முன்கூட்டியே ஸலாம் செல்லிருவாரு. லைட்டுக் கம்பத்துக்கும் ஸலாம் கெடைச்சிருக்கு.

எழுதிக் கணக்குப் பாக்கிற வழக்கம் அவருக்கு இல்ல. ஒரு செலவு வந்தா முத்தத்துல பன்பாயை விரிப்பாரு. சாக்குல இருந்து நெல்லை அள்ளிக் குவிப்பாரு. ஒரு புடி எண்டா ஒரு மூடை. ஒவ்வொரு செலவுக்கும் ஒவ்வொரு குவியல். கூரைக்கு ஒண்டு, மாட்டுக்கு ஒண்டு, பெருநாள் உடுப்புக்கு ஒண்டு. ஒண்டுக்குக் காணாட்டி இன்னொரு குவியல்ல கிள்ளி அதுல போடுவாரு. பேரு வந்தது அப்பிடித்தான்.

இப்பிடி இருக்கக்குள்ள கறுப்பிட எஞ்சின் போச்சு. ஒரேயடியாப் போகல்ல, எங்களை நாறடிச்சு நாறடிச்சுத்தான் போனது. நாங்க சாய்ந்தமருதுக்குள்ளால பொகை விட்டுக்கிட்டுப் போனா அந்த றோட்டுல ஒரு கிழமைக்கு நுளம்பு இல்ல. நுளம்பு மருந்தடிக்கிற ஆக்கள் என்னை மறிச்சு, "காக்கா, எங்கட வேலைக்கு வெடி வைக்காதீங்க" எண்டு கெஞ்சினாங்க.

அந்த நேரம் பாத்துத்தான் போடியார்ட மச்சான் புது ஜப்பான் கார் ஒண்டு எடுத்தாரு. பொஞ்சாதிட தம்பி. அதே றோட்டுல நாலு வீடு தள்ளித்தான் அவரு கலியாணம் முடிச்சுப் போன வீடு. தேத்தண்ணிக் கடையில எல்லாருக்கும் முன்னால கேட்டாரு:

"என்ன மச்சான், கடைசி மகள்ட கலியாணம் வருது. மாப்பிள்ளைய எதுல கொண்டாறது? என்ட காரை அனுப்பவா?"

"மூத்த மூணு மருமகன்மாரும் கறுப்பியிலதான் வந்தாங்க. நாலாவதும் கறுப்பியிலதான் வரும்."

"கறுப்பியா? தள்ளிட்டு வாறதுக்கு மாப்பிள்ளையும் எறங்கணுமே!"

கடை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரிச்சிட்டன். ட்ரைவர் சிரிச்சிருக்கக் கூடா, ஆனா சிரிப்பு எனக்கு பிரேக் இல்லாத சாமான்.

போடியாருக்கு மூக்கு செவந்திட்டு. "கறுப்பி வந்தா என்ன செய்வாய்?"

"வந்தா என்ட புதுக் காருல ஒங்கட வயலுக்குச் சாணி ஏத்துறன். வராட்டி?"

"வராட்டிக் கறுப்பியை நீ எடு."

"எடுத்துக் கோழிக்கூடு வைப்பன் மச்சான், செல்லிப் போட்டன்."

கோழிட கதை வந்தது அங்கதான். கோழி அதை மனசுல வச்சிருந்திருக்கு.

அடுத்த நாளே எஞ்சினைக் கழட்டி வண்டில்ல ஏத்தி லேத் பட்டறைக்குக் கொண்டு போனம். லேத்துக்கார அண்ணன் காரைதீவு ஆள். பொறுமைட மறுபேரு அவருதான். எஞ்சினுக்குள்ள வெரலை விட்டுத் தடவிப் பாத்துட்டுச் செல்றாரு:

"போடியார், சிலிண்டர் நல்லாத் தேஞ்சு போச்சு. நாப்பது தௌ கடையணும்."

தௌ எண்டது லேத்துக்காரங்கட அளவு. ஒரு தௌ தலைமயிரை விட மெல்லிசாம். போடியார்ட காதுல அது தௌபா எண்டு வுழுந்திட்டு.

"நாப்பது தௌபாவா? நான் பாவம் செஞ்சவன்தான் தம்பி, இல்லெண்டு செல்லல்ல. ஆனா மன்னிப்புக் கேட்டா எஞ்சின் சரி வருமா?"

அண்ணனுக்குத் தௌபா தெரியா. ஏதோ புதுச் சாமான் எண்டு நெனச்சிட்டாரு. "தௌபாவோ? அது இந்த மொடலுக்கு வாறதில்லையே போடியார். எந்தக் கடையில இருக்கு?"

"கடையில இல்ல தம்பி, பள்ளிவாசல்ல."

"பள்ளியிலயும் பார்ட்ஸ் விக்கிறாங்களா?"

நான் இதைத் திருத்தியிருக்கலாம். ஆனா எனக்கும் தௌ எண்டா என்னெண்டு அண்டைக்குத்தான் தெரியும். அதோட, சிரிச்சுச் சிரிச்சு லேத்துக்குப் பின்னால குந்திட்டன்.

மறுகா வெலக் கதை. அண்ணன் ரூவாயில செல்ல, போடியார் "மூடையில செல்லு, மூடையில செல்லு" எண்டு நிண்டாரு. கடைசியில அண்ணன் களைச்சுப் போய் எல்லாத்தையும் மூடையிலயே செல்லிட்டாரு. வாயில அது ஒட்டிக்கிட்டு. பின்னால நிண்ட ஒரு வாத்தியார் மோட்டச்சைக்கிள் வேலைக்கு வெல கேக்க, "சேர், ஒரு மூடை சம்பா, பதர் கலக்கக் கூடா" எண்டுட்டாரு.

வீட்டுக்கு வந்து பாயை விரிச்சம். சிலிண்டர் கடையிறதுக்கு ஒரு குவியல். கிராங்கை அரைக்கிறதுக்கு ஒண்டு. புதுப் பிஸ்டனுக்கும் ரிங்குக்கும் ஒண்டு. வால்வு அரைக்கிறதுக்கு ஒண்டு. கேஸ்கட்டுக்கு வெறும் பதர், "அது கடதாசிதானே" எண்டாரு. எல்லாம் முடிஞ்சுது எண்டு நான் ஒழும்ப, ஓரத்துல இன்னொரு குவியல் வளருது. பிஸ்டன் குவியலை விடப் பெரிசு.

"இது என்ன சாமானுக்கு போடியார்?"

"இது ஒன்ட பிழைக்கு."

"என்ன?"

"நீதானே பூட்டப் போறாய்? எதையாவது ஒடைப்பாய். அதுக்கு."

எனக்கு ரோசம் வந்திட்டு. "இவ்வளவு பெரிய குவியலா? நான் என்ன எஞ்சினைக் கடலுக்குள்ளயா போடப் போறன்?"

குசினிக்குள்ள இருந்து போடியார்ட பொஞ்சாதி, நான் ராத்தா எண்டு கூப்பிடுற மனிசி, எட்டிப் பாத்துச் செல்றா: "அது காணாதுங்க. இன்னும் ரெண்டு புடி போடுங்க."

நெல்லு வித்து வேலை வேலையாக் கட்டுறதுதான் திட்டம். ஒரு வேலை முடிய அந்தக் குவியலைச் சாக்குல போட்டுருவாரு. சிலிண்டர் போச்சு, கிராங் போச்சு. ஒரு நாள் றோட்டால போன மச்சான் வேலிக்கு அங்கால நிண்டு, "கோழிக்கூட்டுக்குக் கம்பிவலை எடுத்துட்டன் மச்சான்" எண்டு கத்த, போடியார் வேலியடிக்குப் போய் அங்க நிண்டு கத்த, நான் ரெண்டு பேருக்கும் நடுவுல ரசிச்சுக்கிட்டு நிக்க, ராத்தாட செவலைக் கோழி பாயில ஏறி ஒரு குவியலைத் திண்டு முடிச்சிட்டு.

போடியார் திரும்பி வந்து பாயைப் பாத்தாரு. ஒரு எடம் வெறுமையாக் கெடக்கு.

"இஞ்ச ஒண்டு இருந்ததா?"

"இருந்தது போல கிடக்கு போடியார்."

"இருந்தா எனக்குத் தெரியாதா? நான் குவிச்ச குவியலை நான் மறப்பனா?" எண்டு அதட்டிட்டு மீதியை எண்ணினாரு. பிஸ்டன் இருக்கு, பதர் இருக்கு, என்ட பிழை இருக்கு. கணக்குச் சரி. கோழி ஏப்பம் விட்டுக்கிட்டு வேலிக்குக் கீழால போச்சு.

கலியாணத்துக்கு மொத நாள் எஞ்சினைப் பூட்டி முடிச்சன். அல்லாஹ்ட காவல், ஒண்டும் ஒடையல்ல. சாவியைத் திருப்பினன். புஸ்ஸ் எண்டுது. திரும்பவும் திருப்பினன். புஸ்ஸ். நாலு வீடு தள்ளி மச்சான் கம்பிவலை விரிக்கிற சத்தம் இஞ்ச கேக்குது.

அண்ணனைக் கூட்டிட்டு வந்தம். காதை வச்சுக் கேட்டுட்டு, "எல்லாம் சரி, வால்வால காத்துப் போகுது. வால்வு அரைக்கக் கொண்டரல்லையே நீங்க?" எண்டாரு.

போடியார் பாயைப் பாத்தாரு. நான் பாயைப் பாத்தன். ரெண்டு பேரும் மெல்லமாத் திரும்பிக் கோழியைப் பாத்தம்.

"யா அல்லாஹ்! வால்வைத் திண்டுட்டே!"

கலியாணச் செலவுல சாக்கெல்லாம் காலி. மிஞ்சிக் கெடந்தது பாயில என்ட குவியலும், வீட்டுல அதுக்கெண்டு ஒதுக்கின மூடையும்தான். ராத்தா கண்ணீரோட, "அதை எடுத்துக் குடுங்களன்" எண்டா.

"அது அவன்ட" எண்டாரு போடியார்.

நான் சென்னன், "எடுங்க போடியார். நான் இன்னும் ஒண்டும் ஒடைக்கல்லையே."

"இனித்தானேடா பூட்டப் போறாய். அந்தக் குவியல் இல்லாட்டிப் பயந்து பயந்து பூட்டுவாய். பயந்த கை நட்டை முறிக்கும். அதுல கை வைக்க ஏலா."

அப்ப என்ன வழி? போடியார் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினாரு. "வால்வு எங்க இருக்கு? கோழிட வயித்துல. அப்ப கோழியைக் குடுப்பம்."

ராத்தா கோழியைத் தூக்கினா, தலையைத் தடவினா, வெளியில தெரியிற கலியாணப் பந்தலைப் பாத்தா, மகள்ட மொகத்தைப் பாத்தா, அண்ணன்ட கையில குடுத்துட்டுக் குசினிக்குள்ள போயிட்டா.

அண்ணன் கோழியோட நெளியிறாரு. "இண்டைக்கு வெள்ளிக்கிழமை போடியார், நான் மச்சம் மாமிசம் தொடமாட்டன்."

"திங்கச் செல்லல்ல தம்பி, வளத்து முட்டை எடு."

அண்டைக்குப் பின்னேரமே வால்வு அரைச்சு வந்திட்டு. நான் பூட்டினன். சத்தியமா, ஒரு நட்டும் முறியல்ல. சாவியைத் திருப்ப, கறுப்பி பூனை மாதிரி உறுமிச்சு. நாலு வீடு தள்ளிக் கேட்ட கம்பிவலைச் சத்தம் நிண்டு போச்சு.

கலியாணத்தண்டு சாய்ந்தமருதுல மாப்பிள்ளையை ஏத்தினன். "புதுசாக் கடைஞ்ச எஞ்சின், மெதுவா ஓட்டு" எண்டு அண்ணன் செல்லியிருந்தாரு. மாட்டுவண்டில் எங்களை முந்திப் போற அளவுக்கு மெதுவா ஓட்டினன். பின்னால மச்சான்ட ஜப்பான் கார் ஹோன் அடிச்சு அடிச்சு வருது. பொண்ணு வீட்டுப் பந்தல் தெரிஞ்சுது. சனம் நிக்குது. எனக்குக் கொழுப்பு ஏறிட்டு. கடைசி மிச்சத் தூரத்துக்கு ஒரு மிதி மிதிச்சன். கறுப்பி பறந்திச்சு. வாசலடியில பிரேக்கை மிதிச்சன்.

அப்பதான் ஞாபகம் வருது. எஞ்சினுக்குக் குவியல் வச்சம், பிரேக்குக்கு ஆரும் குவியல் வைக்கல்ல.

மாப்பிள்ளை தொப்பியைப் புடிச்சிக்கிட்டு மரியாதையாக் கேட்டாரு: "காக்கா, பொண்ணு வீடு பின்னால போகுதே?"

"வரும் மாப்பிள்ள, வரும்" எண்டு செல்லிக்கிட்டே நாலு வீடு தள்ளி ஒரு கிடுகு வேலிக்குள்ள கொண்டு போய்ச் செருகினன். நுளம்பு கடிச்ச காயம்கூட ஆருக்கும் இல்ல. எறங்கிப் பாத்தா, அது மச்சான்ட வேலி.

மச்சான் ஓடி வந்தாரு. "வாசல்ல நிக்கல்ல! பந்தயம் எனக்கு!"

போடியார் மூச்சு வாங்க வந்து சேந்தாரு. "வந்து சேருறதுதான் பந்தயம். நிக்கிறதுக்கு நான் பந்தயம் கட்டல்ல."

சனமெல்லாம் "ஓம், ஓம், அது மெய்தான்" எண்டு கத்த, மாப்பிள்ளையைத் தோள்ல தூக்காத குறையாக் கொண்டு போனாங்க. அடுத்த கிழமை ஜப்பான் கார்ட டிக்கியில சாணிக் கூடை போறதைப் பாக்க நாவிதன்வெளி றோட்டுல பெருநாள் கூட்டம். மச்சானும் சிரிச்சிட்டாரு, வேற வழி இல்ல.

வேலியைத் திருப்பிக் கட்ட எவ்வளவு செலவு முடிஞ்சுது தெரியுமா? பாயில கெடந்த என்ட குவியல், ஒரு மணி கூடாம குறையாம. போடியார் சந்தோசத்துல என்ட முதுகுல அடிச்சாரு: "பாத்தியாடா, கணக்கு எண்டா இதுதான் கணக்கு!"

எனக்கு வெக்கமாப் போச்சு. "இனி என்ட குவியலை வைக்காதீங்க போடியார். நான் கவனமா இருப்பன்."

"வைக்காட்டி நீ இந்த வீட்டு ஆள் இல்லெண்டு ஆயிருமேடா" எண்டுட்டு, மனிசன் பாயைச் சுருட்டிக்கிட்டு உள்ளுக்குப் போயிட்டாரு. அதுக்குப் பொறகும் எந்தச் செலவுக்குப் பாய் விரிச்சாலும் ஓரத்துல அது இருக்கும்.

போடியார் மௌத்தாகி மண்ணுக்குள்ள போயிட்டாரு. கறுப்பியும் கைமாறிப் போயிட்டு. என்ட பேருல இந்த ஒலகத்துல ஒரு முழக் காணி இல்ல. ஆனா ஒரு காலத்துல, குவியல் போடியார்ட பாயில எனக்கெண்டு ஒரு குவியல் இருந்திச்சு. அதுவும் பிஸ்டனை விடப் பெரிசு.