தனி ஆளுக்குச் சொக்லேட் இல்லை

புதிதாக வேலைக்குச் சேரும் ஆசிரியர்களுக்கு, கல்வியைத் திருத்தத் தாங்கள்தான் வந்திருக்கிறோம் என்று ஒரு நினைப்பு இருக்கும். எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

சுனாமிக்கு அடுத்த வருடம். அம்மாவையும் அப்பாவையும் கடல் கொண்டுபோயிருந்தது. மண்டூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. வாடகை அறையில் நானும் ஒரு பல்லியும். (பல்லிதான் அதிகம் பேசும்.) மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளோ கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்கள். எப்படியாவது அவர்களோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று தவித்தேன்.

அதற்காகத்தான் 'சொக்லேட் வாரம்' கண்டுபிடித்தேன். குழுக் குழுவாக அளப்பது, பங்கு பிரிப்பது, உறை வரைவது. கடைசி நாள் பிள்ளைகளே கடை நடத்துவது. பெருமை தாங்காமல், வகுப்புகளைப் பார்வையிடும் ஆசிரிய ஆலோசகரையும் அழைத்துவிட்டேன். அன்று காலை சொக்லேட்டை டவுனில் வாங்கி, வாவி கடக்கும் பாதையில் (அந்த மிதவைப் படகுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்) நல்ல வெயிலில் கொண்டுவந்தேன். வந்து சேர்ந்தது குழம்பு.

"பரவாயில்ல டீச்சர், கரண்டியால குடுப்பம்," என்றாள் யசோ. வகுப்பில் அவள்தான் பெரிய மனுசி.

கடையை எப்படி நடத்துவது என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சுனாமி முகாமில் இருந்து வரும் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது நிவாரணம் கொடுக்கும் முறைதான். உறை வரையக் கொடுத்த மட்டையெல்லாம், வீட்டு ஆள்கணக்கு எழுதிய குடும்பக் கார்ட் ஆகியிருந்தது. ஆலோசகர் மறுபேச்சில்லாமல் வரிசையில் நின்று, வீட்டில் ஐந்து பேர் என்று சொல்லி, தட்டில் ஐந்து கரண்டி வாங்கிக்கொண்டார். அடுத்தது நான்.

"குடும்பத்தில எத்தின பேர்?" யசோ நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"நான் மட்டும்தான்."

"தனி ஆளுக்குக் கார்ட் இல்ல. அடுத்த ஆள் வாங்க."

சிரித்திருக்க வேண்டும். நானோ அத்தனை பேர் முன்னால் மூக்கு ஒழுக அழுதேன். கண்ணில் சொக்லேட் பட்டுவிட்டது என்று புழுகினேன். கையெல்லாம் அதுதானே, துடைத்ததில் புழுகு உண்மையாகிவிட்டது. ஆலோசகர் தட்டோடு போய் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

யசோ தன் வீட்டு மட்டையை எடுத்து, ஆறை வெட்டி ஏழு என்று எழுதினாள்.

"எங்கட கார்டில போட்டிருக்கன், டீச்சர். சாமான் வீட்டதான் வரும். பின்னேரம் அங்க வாங்க."

போனேன். விசயத்தைக் கேட்டு அவளுடைய அம்மா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, எனக்கும் சோறு போட்டார்.

சண்டையும் முடிந்து, அவர்கள் சொந்த வீட்டுக்குப் போய், யசோவும் இப்போது டீச்சர். இன்றைக்கும் நான் போனால் வாசலை மறித்துக்கொண்டு, குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்பாள். ஏழு என்றால்தான் உள்ளே விடுவாள். அதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் கண் கலங்கும். சொக்லேட் பட்டுவிட்டது என்பேன்.