காற்றைத் திருடிய சுவிட்சுக்கா

காற்றைத் திருடியதற்காக வேலை போகப் பார்த்த ஆள் உலகத்திலேயே எங்கள் சுவிட்சுக்கா ஒருவராகத்தான் இருப்பார்.

போடியில் ஏலக்காய்க் கடை ஒன்றின் பின்கட்டில் நாற்பது பெண்கள் சொளகு என்கிற முறத்தோடு உட்கார்ந்து காய் பிரிப்பார்கள். பெரிசு தனி, சிறுசு தனி, வெடித்தது தனி. நான் அங்கே மூட்டை தைக்கிறவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பெண்களைக் கண்டால் பேச்சும் நின்றுவிடும். மின்விசிறி இருந்தது, ஆனால் வேலை நேரத்தில் போடக் கூடாது. போட்டால் சருகும் காம்பும் பறந்து நல்ல காயில் விழும்.

அந்த விசிறியைத்தான் அக்கா ஒரு நாளைக்கு ஏழு தடவை போடுவார். மார்கழியில் நாங்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கும்போது அவர் முகம் மிளகாய்ப்பழமாகும். வேர்வை ஊற்றும். ஒரே ஓட்டம், சுவிட்சு ‘டக்’. நாற்பது சொளகிலும் சூறாவளி.

“ஆத்தா, காத்த நிறுத்து!”

“பொறுங்கடி! எரியிற வீட்டுக்குத் தண்ணி ஊத்த விடமாட்டேங்கிறீகளே!”

ஆனால் வேலையில் அவர் கண்ணுக்குத் தப்பியது கிடையாது. மேலே நல்ல காயைப் பரப்பி, அடியில் வெடித்த காயை வைத்துக் கொண்டுவந்தார் ஒரு வியாபாரி. அக்கா முழங்கை வரை கையை விட்டு அள்ளினார். “மேலாக்க அலங்காரம், அடியில இந்தக் கூத்தா?” வந்த ஜீப்பிலேயே மூட்டை திரும்பிப் போனது.

கடைசியில் முதலாளி சொல்லிவிட்டார்: “அக்கா, இன்னொரு தடவை ஃபேன் சுத்துச்சுன்னா, நீங்க வீட்டு ஃபேனுக்கு அடியிலயே உக்காந்துக்கங்க.”

இருபது வருஷம் உட்கார்ந்த இடம். அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

“அந்த வேக்காட்டுக்கு ஹார்மோன் மாத்திரை இருக்காம்” என்றது ஒரு சொளகு.

“தின்னா புத்துநோய் வரும்னு எங்க மதினி சொன்னாக!” என்றது அடுத்த சொளகு.

அக்காவின் வீட்டுக்காரருக்கு மலைத்தோட்டத்தில் வேலை. மாதம் ஒருமுறைதான் இறங்குவார். அக்கா என்னிடம் வந்தார். “ஏலே, தேனிக்குக் கூட வா. நீதான் வெளிய சொல்லமாட்ட.”

பெண்கள் டாக்டரிடம் ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். உள்ளே கூப்பிட்டதும் டாக்டரம்மா, “நீங்க வீட்டுக்காரரா?” என்றார்.

“மூட்டை தைக்கிறவன்” என்றேன். டாக்டரம்மா அக்கா பக்கம் திரும்பினார்.

அக்காவுக்கு வயது ஐம்பத்தொன்று. மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: “இந்த மாத்திரை வேக்காட்டைக் குறைக்கும், தூக்கம் வரும், எலும்புக்கும் நல்லது. சில பேருக்கு ரத்தம் உறையலாம், பக்கவாதம் வரலாம், மார்புப் புற்றுநோய்க்கு வாய்ப்பு கொஞ்சம் கூடலாம். அறுபது வயசுக்குள்ள, விலக்கு நின்னு பத்து வருஷத்துக்குள்ள ஆரம்பிச்சா பல பேருக்கு நன்மைதான் அதிகம். ஆனா அது ஆளைப் பொறுத்தது.”

“அப்ப ஒவ்வொரு மூட்டையையும் தனித்தனியாப் பாக்கணும்ங்கிறீக.”

“அதேதான். உங்க குடும்பத்துல யாருக்காவது மார்புல புற்றுநோய் வந்திருக்கா?”

“யாருக்கும் இல்ல தாயி” என்றார் அக்கா, படக்கென்று.

உத்தமபாளையத்தில் அவருடைய மூத்த அக்காவுக்கு மார்பில் ஆபரேஷன் ஆனபோது கஞ்சித் தூக்கு கொண்டுபோனதே நான்தான்.

“அக்கா… அடியில வெடிச்ச காய் இருக்கு” என்றேன்.

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா பார்த்த பார்வையில், என்னைச் சாக்குக்குள் போட்டு வாயைத் தைத்துவிடுவார் என்றே நினைத்தேன். பிறகு தலை குனிந்தார்.

“எங்க அக்காவுக்கு வந்துச்சு தாயி. சொன்னா மாத்திரை தரமாட்டீகளோன்னு… வேலை போயிரும்.”

“சொன்னதால கதவு மூடிடாதும்மா. சொல்லாம இருந்தாதான் ஆபத்து. முதல்ல மார்பைப் படம் எடுத்துப் பார்ப்போம். சேராதுன்னா ஹார்மோன் இல்லாத மருந்தும் இருக்கு.”

படத்தில் ஒன்றும் இல்லை. கர்ப்பப்பை இருப்பதால் இரண்டு வகை ஹார்மோன் சேர்த்து, குறைந்த அளவில் கொடுத்தார். வருஷா வருஷம் சோதனை. கட்டி தட்டுப்பட்டாலோ, ரத்தப்போக்கு வந்தாலோ, கால் வீங்கினாலோ உடனே ஓடி வரணும் என்றார்.

போடியில் பஸ்ஸை விட்டு அக்கா இறங்கி, எனக்கு ஒரு பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். “இருபது வருசத்துல நீ பேசுனதே ஒரு பேச்சு. அதுவும் என்னைய மாட்டிவிட!”

சில வாரங்களில் வேக்காடு அடங்கியது, தூக்கம் வந்தது. விசிறி சுற்றாததைப் பார்த்து முதலாளிக்கே சந்தேகம் வந்து, ரிப்பேரோ என்று சுவிட்சைத் தட்டிப் பார்த்தார். நாற்பது சொளகிலும் சூறாவளி.

“மொதலாளி, காத்த நிறுத்துங்க!” என்று முதலில் கத்தியது சுவிட்சுக்கா.

இப்போதும் காலையில் முதலில் வருகிறவன் நான். அக்கா உட்காரும் இடத்துக்கு மேலே உள்ள சன்னலை, சருகு பறக்காத அளவுக்கு, அரைச் சாண் திறந்து வைப்பேன்.

“எனக்குத்தான் இப்ப வேர்க்கலையேலே, எதுக்குத் தெறக்குற?” என்பார்.

நான் மூட்டை ஊசியில் சணலைக் கோப்பேன். வேர்க்காவிட்டால் என்ன, அந்த இடத்தில் கொஞ்சம் காற்று இருக்கட்டும்.